'சப்ரெஸ்': எதை அடக்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

'சப்ரெஸ்' என்ற ஆங்கில வினைக்கு 'அடக்கு' என்று மட்டும் மனப்பாடம் செய்தால் பல இடங்களில் தடுமாற நேரும். தமிழில் மூச்சையும் அடக்குவோம், காளையையும் அடக்குவோம், கலகத்தையும் அடக்குவோம். ஆங்கிலத்தில் மூச்சுக்கு 'ஹோல்ட்', காளைக்கு 'டேம்'. கலகத்துக்குத்தான் 'சப்ரெஸ்'.

எனவே வாக்கியத்தில் செயப்படுபொருளைத் தேடுங்கள். கிளர்ச்சி என்றால் 'ஒடுக்கு', சிரிப்பு அல்லது கொட்டாவி என்றால் 'அடக்கு', அறிக்கை என்றால் 'வெளிவராமல் தடு', உண்மை என்றால் 'மறை'. மனிதர்களை ஒடுக்குவதற்குப் பெரும்பாலும் 'ஆப்ரெஸ்' வரும். வேதனையான நினைவைத் தெரிந்தே ஒதுக்கினால் உளவியலில் அது 'சப்ரெஸ்'. தன்னை அறியாமல் அழுத்தி வைத்தால் 'ரிப்ரெஸ்'.

மருத்துவச் செய்தியில் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே 'சப்ரெஸ்' என்பது அழிப்பதல்ல, தலைதூக்க விடாமல் வைப்பது. எச்.ஐ.வி. சிகிச்சையில் வைரஸ் 'சப்ரெஸ்' ஆகிவிட்டது என்றால், பொதுவாக ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 200 வைரஸ் பிரதிகளுக்கும் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அதைக் 'குணமானார்' என்று எழுதினால், படிப்பவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். இருமலை 'சப்ரெஸ்' செய்யும் மருந்தும் இருமலைத்தான் தணிக்கும், அதை வரவழைத்த நோயை அல்ல.

நீதிமன்றச் செய்தியில்தான் பெரிய பள்ளம். போலீஸ் சாட்சியத்தை 'சப்ரெஸ்' செய்தது என்றால் மறைத்தது. அமெரிக்க நீதிபதி சாட்சியத்தை 'சப்ரெஸ்' செய்தார் என்றால், சட்டத்துக்குப் புறம்பாகத் திரட்டிய அதை விசாரணையில் ஏற்க மறுத்தார். முன்னது முறைகேடு, பின்னது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைக்கான காவல். இரண்டுக்கும் 'மறைத்தார்' என்று எழுதினால் நீதிபதி மேலேயே பழி விழும். வழக்கையே நீக்குவது வேறு, அதற்கு 'குவாஷ்'. நம் உயர் நீதிமன்றங்களில் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 528ஆம் பிரிவிலும் தாக்கலாகும் மனு பெரும்பாலும் அதற்குத்தான். தமிழில் 'ரத்து செய்' போதும்.

நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது, இந்த வினைக்குப் பின் பெயர்ச்சொல் வர வேண்டும். 'ஐ சப்ரெஸ்ட் டு லாஃப்' பிழை, 'ஐ சப்ரெஸ்ட் எ லாஃப்' சரி. அடக்க முடியாமல் புன்னகைத்ததைச் சொல்ல 'குட் நாட் சப்ரெஸ் எ ஸ்மைல்' இயல்பான வழக்கு. எழுத்துக்கூட்டலில் 'பி' இரண்டு, கடைசி 'எஸ்' இரண்டு. உச்சரிப்பில் அழுத்தம் 'ப்ரெஸ்' மேல் விழும், முதல் அசை லேசாக ஒலிக்கும்.