பெண்கள் கர்லிங் பான்ஸ்பீல்: முதல்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பெண்கள் கர்லிங் சங்கம் 1947-இல் உருவானது. அந்த நாட்டின் தேசிய கர்லிங் சங்கம் 1958-இல்தான் வந்தது, அதுவும் முதலில் ஆண்கள் சங்கம் என்ற பெயரில். பெண்கள் பதினோரு ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. அதன் உறுப்புக் கிளப்புகளின் பெண்கள் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கிளப்பில் கூடி, சில நாட்கள் சேர்ந்து விளையாடி, சேர்ந்து சாப்பிட்டு, சங்கத்தின் காரியங்களையும் பேசிவிட்டுக் கலைகிறார்கள். இப்படிக் கூடி விளையாடும் போட்டியை பான்ஸ்பீல் என்பார்கள்.

நீங்கள் விஸ்கான்சினிலோ மினசோட்டாவிலோ ஒரு கிளப்பில் சேர்ந்து ஒரு பருவம் விளையாடியிருந்தால் போதும், யாராவது ஒருவர் "எங்கள் அணியில் ஓர் ஆள் குறைகிறது, வருகிறீர்களா?" என்று கேட்டுவிடுவார். தாராளமாகப் போங்கள். ஆனால் முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, இது ஒரு விளையாட்டுப் போட்டி மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வதிலிருந்து வருகின்றன. போட்டி பாதி, கூடல் பாதி. இரண்டாவது பாதியைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி: சுமார் 45 மீட்டர் நீளமும் 5 மீட்டருக்குள் அகலமும் உள்ள பனித்தளம். அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கற்கள். ஒருவர் கல்லைப் பனியில் வழுக்கவிடுவார், அணித்தோழிகள் அதன் முன்னே துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். எதிர்முனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்கு யார் கல் நெருக்கமோ அவர்களுக்குப் புள்ளி. இப்படி எட்டுச் சுற்று ஆடினால் ஓர் ஆட்டம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

பனியைக் கெடுப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வெளியே நடந்த காலணியோடு பனியில் கால் வைப்பது. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் குளிர்காலச் சாலைகள் முழுக்க உப்பும் மணலும் கிடக்கும். அதில் ஒரு துகள் காலணியில் ஒட்டிக்கொண்டு தளத்துக்கு வந்தாலும் போதும், அடுத்து வரும் கல் அதில் இடறித் திசை மாறிவிடும். கர்லிங் தளம் ஸ்கேட்டிங் தளம் போல வழவழப்பாக இருக்காது. பனியின் மேல் வெந்நீரைச் சின்னச் சின்னத் துளிகளாகத் தெளித்து உறையவைப்பார்கள். அந்தப் புள்ளிப் புள்ளியான மேற்பரப்பின் பெயர் பெபிள். கல்லின் அடிப்பாகம் குழிந்திருப்பதால், சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே அந்தப் புள்ளிகளின் உச்சியில் உட்கார்ந்து போகிறது. தொடும் பரப்பு அவ்வளவு குறைவு என்பதால் ஒரு தலைமுடி, கம்பளிக் கையுறையிலிருந்து உதிர்ந்த ஒரு நூல் எல்லாமே தடங்கல்தான்.

அதனால் உள்ளே போட மட்டும் தனியாக ஒரு ஜோடி காலணி வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். நூல் உதிரும் புது ஸ்வெட்டரை விருந்துக்குப் போடலாம், பனிக்கு வேண்டாம். துடைப்பத்தின் தலையையும் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் சுத்தம் செய்யுங்கள். பார்க்க வந்த தோழியைப் படம் எடுக்கத் தளத்துக்குள் இழுத்துவராதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கல்லை விட்டபின் அந்த நிலையிலேயே அழகாக முழங்காலூன்றி, வெறும் கையைப் பனியில் வைத்துக்கொண்டு கல் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. உடம்புச் சூடு பெபிளை உருக்கிவிடும். நீங்கள் எழுந்து போன பிறகும் அங்கே ஒரு குழி இருக்கும். உங்கள் அணிக்கு மட்டுமில்லை, அடுத்து அந்தத் தளத்தில் ஆடப்போகிறவர்களுக்கும் அது தொல்லை. பனியைத் தயார் செய்கிறவர் விடியற்காலையில் வந்து செய்த வேலை அது. அவரைப் பார்த்தால் ஒரு நன்றி சொல்லுங்கள்.

கற்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒவ்வொன்றும் 17 முதல் 20 கிலோ வரை இருக்கும். நல்ல கற்களில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள எய்ல்சா கிரேக் என்ற தீவின் கிரானைட். மனிதர்கள் குடியில்லாத, கடற்பறவைகள் வாழும் அந்தத் தீவிலிருந்து நினைத்தபோதெல்லாம் கல் வெட்டி எடுக்க முடியாது. கல்லின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதும், தூக்க முயல்வதும் வேண்டவே வேண்டாம். தூக்கினால் முதுகுக்குக் கேடு, கைதவறி விழுந்தால் கல்லுக்கும் தளத்துக்கும் கேடு. தள்ளியே நகர்த்துங்கள்.

விழுவது

முதல்முறை வருகிறவர்களுக்கு உண்மையான ஆபத்து பின்பக்கமாக விழுந்து தலை அடிபடுவது. ஒரு காலணியின் அடியில் வழுக்கும் ஸ்லைடர் இருக்கும், இன்னொன்றில் பிடித்து நிற்கும் ரப்பர். பனியில் இறங்கும்போது ரப்பர் கால் முதலில், ஏறும்போது ஸ்லைடர் கால் முதலில். துடைக்கும் நேரத்தில் ஸ்லைடருக்கு மேல் ரப்பர் உறையை மாட்டிக்கொள்ளுங்கள். பின்னோக்கி நடக்காதீர்கள். உங்களை நோக்கி வரும் கல்லைக் காலால் நிறுத்தாதீர்கள், தாண்டிக் குதிக்காதீர்கள், விலகி நில்லுங்கள். தலைக்குக் கவசமோ உள்ளே மெத்தை வைத்த தலைப்பட்டையோ போடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம். குனிய முடியாதவர்கள் நின்றபடியே கல்லைத் தள்ள நீண்ட கோல் உண்டு. பல கிளப் போட்டிகளில் அனுமதிக்கிறார்கள், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். முழங்கால் வலி என்பதற்காக வீட்டில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆடும்போது

கர்லிங்கில் கிளப் அளவில் நடுவர் கிடையாது. ஆடுகிறவர்களே நடுவர்கள். இது புரியாமல் போனால் மனத்தாங்கல் வரும். ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் கல்லில் உங்கள் துடைப்பமோ காலோ பட்டுவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். எதிர்முனையின் ஹாக் கோட்டை (வட்டத்துக்கு முன்னால் தளத்தின் குறுக்கே போகும் கோடு) தாண்டுவதற்கு முன் பட்டிருந்தால் அந்தக் கல்லை உடனே எடுத்துவிடுவார்கள். தாண்டிய பின் பட்டிருந்தால் எல்லாக் கற்களும் நின்ற பிறகு எதிரணி ஸ்கிப், அதாவது அணித்தலைவர், முடிவு சொல்வார். "லேசாகத்தானே பட்டது" என்று வாயை மூடிக்கொள்வது இந்தக் கூட்டத்தில் மன்னிக்க முடியாத தவறு. நியாயமில்லாமல் ஜெயிப்பதைவிடத் தோற்பதே மேல் என்பதை விதிப்புத்தகத்தின் முன்னுரையிலேயே எழுதிவைத்திருக்கும் விளையாட்டு இது.

எதிரணியின் ஆள் கல்லை விடத் தயாராகும்போது அசையாமல் ஓரமாக நில்லுங்கள். அவர் கல் தவறும்போது கைதட்டாதீர்கள், நல்ல கல்லுக்கு யாருடையதானாலும் தட்டுங்கள். சுற்று முடிந்ததும் ஆர்வத்தில் கற்களைக் கலைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு அணிகளின் வைஸ் ஸ்கிப்புகளும் (துணைத் தலைவர்கள்) புள்ளியை ஒத்துக்கொள்ளும் வரை ஒரு கல்லையும் தொடக் கூடாது.

ஸ்கோர் பலகையைத் தப்பாகப் படித்துவிட்டுக் கவலைப்படுகிறவர்களும் உண்டு. தொலைக்காட்சியில் பார்ப்பது போல இருக்காது. பல அமெரிக்க கிளப்புகளில் நடுவரிசையில் அச்சாகியிருக்கும் எண்கள் மொத்தப் புள்ளிகளைக் குறிக்கும். அவற்றுக்கு மேலும் கீழும் தொங்கவிடும் அட்டைகள்தான் சுற்று எண்கள். எண் 3-க்கு மேலே 5 என்ற அட்டை தொங்கினால், அந்த அணி ஐந்தாவது சுற்று முடிவில் மூன்று புள்ளிகளுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

அப்புறம், போட்டி விதித்தாளைப் படிக்காமல் வருவது. சமநிலை ஆனால் கூடுதல் சுற்றா, நடுப்புள்ளிக்கு ஒரு கல் விட்டு முடிவு செய்வதா என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். முதல் ஆட்டத்தில் தோற்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சோர்ந்துவிடுகிறார்கள் சிலர். பெரும்பாலான பான்ஸ்பீல்களில் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி. தோற்றவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவார்கள், அங்கேயும் தோற்றால் மூன்றாம் பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பரிசு உண்டு.

ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடுவது

இதுதான் நான் அதிகம் வருந்தும் தவறு. கடைசிக் கல் நின்றதும் எட்டுப் பேரும் கைகுலுக்குவார்கள். அதோடு முடியவில்லை. காலணியை மாற்றிக்கொண்டு எட்டுப் பேரும் ஒரே மேசைக்கு வர வேண்டும். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் பானம் வாங்கித் தருவார்கள், அதுவும் அவரவர் இடத்தில் எதிரே ஆடியவருக்கு: லீட் (அணியில் முதலில் கல் விடுபவர்) லீடுக்கு, ஸ்கிப் ஸ்கிப்புக்கு. அடுத்த சுற்று தோற்றவர்களின் முறை. மது எடுக்காதவர்கள் தயங்கி, "எனக்கு வேண்டாம்" என்று விலகிப் போய்விடுகிறார்கள். விலகத் தேவையில்லை. காபி, சூடான சாக்லேட், ஜூஸ் எது கேட்டாலும் வாங்கித் தருவார்கள். அந்த மேசையில் உங்கள் இருக்கை காலியாக இருந்தால்தான் எல்லோருக்கும் கஷ்டம்.

பனிக் கிளப்புகள் பலவும் நீண்ட காலம் ஆண்களின் இடமாகவே இருந்தவை. மான்ட்ரியலில் 1894-இல் தொடங்கி, பெண்கள் தங்களுக்கான கிளப்புகளைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். பெண்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் 1979-இல்தான் வந்தது, ஆண்களுக்கு இருபது ஆண்டுகள் கழித்து. ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக 1998-இல் நாகானோவில் ஆடினார்கள். சாண்ட்ரா ஷ்மிர்லரின் கனடா அணி தங்கம் வென்றது. அதற்கெல்லாம் முன்பு கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்து, கிளப் பெண்களின் வீடுகளில் தங்கி ஆடியவர்கள் இந்த மேசைகளில்தான் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். எழுபது வயதில் இன்னமும் ஆடும் ஒரு லீட் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. கைபேசியை எடுத்துக்கொண்டு ஓட்டல் அறைக்குப் போய்விடாதீர்கள்.

உங்கள் கிளப்பின் சின்னம் போட்ட, உடையில் குத்திக்கொள்ளும் பின்கள் கொஞ்சம் எடுத்துப்போங்கள். ஆட்டத்துக்கு முன்போ பின்போ மாற்றிக்கொள்வது வழக்கம். வெறுங்கையோடு வந்து மற்றவர்களுடையதை மட்டும் வாங்கிக்கொள்வது சங்கடமாக இருக்கும்.

சைவ உணவுக்காரர்கள் பதிவுப் படிவத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். மீன் உண்டா, முட்டை உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், "சைவம்" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கு ஆள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். சமையலறையில் நிற்பவர்களும் கிளப்பின் தன்னார்வலர்கள்தான், கடைசி நிமிடத்தில் கேட்டால் சாலட்தான் கிடைக்கும்.

நடத்துகிற கிளப்புகளுக்கு

இரவு பத்து மணி ஆட்டம் முடித்த அணிக்கே காலை எட்டு மணி ஆட்டமும் வைப்பது ஒரு கொடுமை. அட்டவணை போடுகிறவர் தோற்றால் எங்கே, ஜெயித்தால் எங்கே என்று இரண்டு பக்கமும் தொடர்ந்து பார்த்தால் இதைப் பிடித்துவிடலாம். ஆட்டங்களுக்கு நடுவில் தளத்தைச் சீவி மறுபடி பெபிள் போடப் போதிய இடைவெளி விடுங்கள். அதைச் சுருக்கினால் நாள் முழுக்கப் பனி சொதப்பும். விருந்தில் அணி அணியாக உட்காரவைக்காமல் ஊர்களைக் கலந்து உட்காரவையுங்கள். புதியவர்களுக்குப் பக்கத்தில் நன்றாகப் பேசக்கூடிய ஒருவரைப் போடுங்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறேன். கூட்டம் என்றதும் பலர் அந்த நேரத்தில் ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கட்டணம், அடுத்த ஆண்டு எங்கே நடத்துவது, இளம்பெண்களுக்கான பயிற்சிக்கு என்ன செய்வது, விதிகளில் என்ன மாற்றம் என்று உங்கள் ஆட்டத்தைத் தொடும் விஷயங்களெல்லாம் பேசப்படும் இடம் அது. உங்கள் கிளப்பின் பிரதிநிதியாகப் போகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன் கிளப் பெண்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டு போங்கள். சொந்த அபிப்பிராயத்தைக் கிளப்பின் அபிப்பிராயம் போலச் சொல்லிவிட்டு வந்தால் திரும்பி வந்ததும் சண்டைதான். திட்டங்களுக்கு ஆள் கேட்கும்போது புதியவர்கள் "எனக்கு அனுபவம் போதாது" என்று பின்வாங்குகிறார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கும், மின்னஞ்சல்களுக்கு நேரத்தில் பதில் போடுகிறவருக்கும் கல்லை எப்படி விடுகிறார் என்று யாரும் தேர்வு வைப்பதில்லை.

ஏற்பாட்டாளர்கள் இந்தக் கூட்டத்தை ஆட்டம் நடக்கும் நேரத்திலேயே வைத்துவிடக் கூடாது. பனியில் நிற்கிறவர்கள் வாக்களிக்க முடியாது. கடைசி நாள் மாலைக்குத் தள்ளினாலும் சிக்கல்: தோற்ற அணிகள் பனிப்புயல் வருவதற்குள் வீடு போய்ச் சேரக் கிளம்பியிருக்கும், இறுதி ஆட்டத்துக்கு நின்ற அணிகள் மட்டும் மிஞ்சும். எல்லா அணிகளும் ஊரில் இருக்கிற இரண்டாம் நாளில், மதிய உணவோடு சேர்த்து, தளங்கள் எல்லாம் காலியாக இருக்கும் ஒரு மணி நேரத்தை அட்டவணை போடும்போதே ஒதுக்கிவிடுங்கள்.