மலைப்பாதையில் மின்சாரக் கார்: நீலகிரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியில் இரவு முழுக்க நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி, காலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குபவர்கள் பலர். முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி, வண்டியின் வேகத்தை அடக்கிக்கொண்டே பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அதற்கு இடமில்லை. சுமையெல்லாம் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறும், தேய்ந்த தூள் சாலையோரம் படியும்.

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள காரை அவ்வளவு மேலே தூக்க மட்டும் கிட்டத்தட்ட 8 யூனிட் தேவை. பெட்ரோல் கார் இறங்கும்போது இந்தச் சக்தியில் பெரும்பகுதி வெறும் சூடாகவே போகும். மின்சாரக் காரிலோ ஒரு பகுதி வண்டியை ஓட்டுகிறது, மிச்சத்தில் கணிசமானது பேட்டரிக்குத் திரும்புகிறது. மலைக்கு இந்த வண்டி நன்றாகப் பொருந்தும் என்று நான் நம்புவது இதனால்தான். இறங்கும் நாளில் 80 சதவீதமே தாராளம். உறைபனிக் காலையில் குளிர்ந்த பேட்டரி மின்சாரத்தைக் குறைவாகத்தான் வாங்கும், அதனால் முதல் சில வளைவுகளில் இன்னும் மெதுவாகப் போங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது. மின்சாரமும் திரும்பாது, உயிருக்கும் ஆபத்து.

அடுத்தது, "பைகாரா, குந்தா நீர்மின் நிலையமெல்லாம் நம்ம மலையில்தானே, இங்கே சார்ஜ் போட்டால் சுத்தமான கரண்ட்" என்ற நினைப்பு. பைகாராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள், உண்மை. ஆனால் அது மாநிலம் முழுக்கப் போகும் கம்பிகளில் கலந்துவிடுகிறது. உங்கள் காருக்கென்று அணையைக் கூடுதலாகத் திறக்கப் போவதில்லை. அந்த அணைகளுக்காகச் சோலையும் புல்வெளியும் மூழ்கியதையும் மறக்க வேண்டாம். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் வருகிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 100 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 150 கிராம். லாபம் இருக்கிறது, ஆனால் கரியமில வாயு பூஜ்யம் இல்லை. முடிந்தால் பகலில், சூரிய மின்சாரம் நிறைய வரும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள்.

நன்றாக ஓடும் பழைய காரை அவசரப்பட்டு மாற்றுவதும் தவறு. பேட்டரி தயாரிப்பிலேயே டன் கணக்கில் கரியமில வாயு வெளியாகிறது. இரண்டு டன் என்று வைத்தாலும், கிலோமீட்டருக்கு 50 கிராம் மிச்சமாகும் கணக்கில் அதை ஈடுகட்ட 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வாரம் ஒருமுறை குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய்வரும் வீட்டுக்கு அதற்குப் பல வருடம் ஆகும். தினமும் கோவைக்கு ஓடும் டாக்ஸி சீக்கிரமே ஈடுகட்டிவிடும். மானியமும் சார்ஜிங் வசதியும் முதலில் டாக்ஸிக்காரர்களுக்குத்தான் போக வேண்டும் என்பேன்.

அப்புறம், புகை இல்லை என்பதற்காகக் கூடுதலாகச் சுற்றாதீர்கள். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்ததே வண்டிகளின் கூட்டத்தால்தான். மின்சாரக் காரும் அதே இடத்தை அடைக்கும், அதன் டயரும் தேயும். முதுமலைச் சாலையில் குறுக்கே வரும் மானுக்கு வேகம்தான் எமன், அது எந்த வண்டியானாலும் சரி.

பேட்டரி ஆயுள் முடிந்ததும் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வண்டி வாங்கும்போதே, மலையிலிருந்து அதை யார் வந்து எடுத்துப்போவார்கள் என்று ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.