திருகோணமலைக்கு 30 எழுத்தா?

திருகோணமலைச் சந்தையருகே இருக்கும் மீன்வலைக் கடையொன்றின் கணக்குகளை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாற்றினேன். அதற்கான கருவி பிஜிலோடர் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டது. வெறும் பூச்சியங்களாகக் கிடந்த திகதிகளைக்கூட அதுவே வெறுமையாக்கியிருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பட்டியலைத் திறந்ததும் பெருமை போயிற்று. மூதூர், நிலாவெளி வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் கொம்பும் வாலும் முளைத்த லத்தீன் குறிகளாக நின்றன. “தம்பி, இது எந்த ஊர்ப் பாஷை?” என்றார் முதலாளி.

கருவியைத் திட்டிப் பயனில்லை. பழைய செயலி தமிழை யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் அனுப்ப, அட்டவணை அதை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 என்று நினைத்து வாங்கி வைத்திருந்தது. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; எழுத்தும் அதோடு சேரும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகள். ‘திருகோணமலை’ 10 குறிகள், 30 பைட். பைட்டுக்கு ஓர் எழுத்தென்று லத்தீன்1 அதை 30 எழுத்தாக எண்ணிக்கொண்டது.

பிரதி எடுத்து வைத்துவிட்டு, மூலத்திலேயே அட்டவணையின் அந்தப் பெயர் நிரல்களை முதலில் வெறும் பைட்டுகளை வைக்கும் வார்பைனரி வகையாக்கினேன். பைட்டுகள் அசையாமல் இருக்கும். பிறகு யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லின் முழு யூடிஎஃப்-8) குறிமுறையில் மறுபடி எழுத்துகளை வைக்கும் வார்ச்சார் வகை. நேரே மாற்றியிருந்தால் குப்பைதான் பத்திரமாக இடம்பெயர்ந்திருக்கும். பிஜிலோடரைத் திரும்ப ஓட்டினேன். மூதூர் மூதூராகவே வந்தது.

முதலாளி முதலில் பார்த்தது கடன்காரர் பட்டியலை.