ஸ்பானிஷில் வீட்டு ரிப்பேர் சொற்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் "பைப் ஒழுகுது" என்று சொன்னால் பிளம்பருக்குப் போதும். சிங்க் குழாய் சொட்டினாலும், சுவருக்குள் போகும் லைன் கசிந்தாலும் நமக்கு எல்லாம் பைப்தான். மழைக்கு ஏற்காட்டு ஓட்டு வீடு ஒழுகுவதும் அதே 'ஒழுகுது'. இந்தப் பேச்சை அப்படியே ஸ்பானிஷுக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் முதல் தவறு.

அங்கே திறந்து மூடும் குழாய் 'கிரிஃபோ'. தண்ணீர் ஓடும் பைப் 'துபோ'. மொத்த லைனும் சேர்ந்தால் 'துபெரியா'. குழாய் சொட்டினால் 'எல் கிரிஃபோ கொதேயா'. லைனில் கசிவு என்றால் 'ஃபுகா'. கேஸ் கசிவுக்கும் அதுவே. 'கொதேரா' கூரை ஒழுகலுக்கான சொல். அதைக் குழாய்க்குச் சொன்னால் வந்தவர் அண்ணாந்து சீலிங்கைப் பார்ப்பார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் அங்கே 'மொதோர்' ஆகாது, 'பொம்பா'.

நோட்டில் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிப் படிப்பது அதைவிடப் பெரிய சிக்கல். 'பாலா' என்று எழுதி வைத்தால், 'பல்'லில் வரும் ப-வாகப் படித்தால் மண் அள்ளும் கருவி, 'பஸ்'ஸில் வரும் ப-வாகப் படித்தால் துப்பாக்கிக் குண்டு. 'கோமா'வும் அப்படித்தான்: 'கங்கை'யின் க என்றால் ரப்பர், 'கல்'லின் க என்றால் காற்புள்ளி. பக்கத்திலேயே ஸ்பானிஷ் எழுத்தையும் எழுதுங்கள். ஒரு வசதி நமக்கு உண்டு. ஸ்பானிஷின் 't' ஒலி நம் 'த'தான். ஆகவே ஸ்க்ரூ 'தொர்னீயோ'. ஆங்கிலப் பழக்கத்தில் 'டொர்னில்லோ' என்று படிக்காதீர்கள்.

எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று முடிவு செய்யாமல் பட்டியலை மனப்பாடம் செய்வதும் வீண். பல்பு ஸ்பெயினில் 'பொம்பீயா', மெக்சிகோவில் 'ஃபோகோ'. குழாயை மெக்சிகோவில் 'யாவே' என்பார்கள். சாவிக்கும் ஸ்பானருக்கும் அதே சொல்தான். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது முதலில் தேவைப்படுவது 'யாவே தெ பாசோ', நம் கேட் வால்வு. வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

தனிச் சொல்லாகப் படிக்காமல் பழுதோடு சேர்த்துப் படியுங்கள். வேலை செய்யவில்லை என்பதற்கு 'நோ ஃபுன்சியோனா'. உடைந்திருந்தால் 'எஸ்தா ரோதோ'. பெண்பால் சொல்லான பொம்பாவுக்கு 'எஸ்தா ரோதா'. கரண்ட் போனால் 'சே ஃபுவே லா லூஸ்', வெளிச்சம் போய்விட்டது என்பார்கள். நமக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

ஹீட்டர் குழாயில் 'சி' என்று போட்டிருந்தால் நம் கண்ணுக்கு அது குளிர்ந்த நீர். ஸ்பானிஷ் பேசும் வீட்டில் அது 'கலியெந்தே', சூடு. குளிர்ச்சி 'ஃப்ரீயோ'. அந்தப் பக்கம் 'எஃப்' இருக்கும். கையை நீட்டுமுன் எழுத்தைப் பாருங்கள்.