‘வேணும்’ என்று சொல்லிக்கொடுத்த சவேரியார்: கற்பிக்கப் போகும் மிஷனரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசிய மொழியும் ஓரளவு தெரிந்த சிலரை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கினார், மனப்பாடம் செய்தார், மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். கிறிஸ்தவ நம்பிக்கையைச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. 1544-இல் தன் உதவியாளர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில், அதை மாற்றிச் சொல்லிக்கொடு, ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்றுதான் பொருள் என்று அவரே திருத்துகிறார்.

அத்தோடு முடியவில்லை. 1549-இல் அவர் ஜப்பானில் போய் இறங்குகிறார். துணைக்கு அஞ்சிரோ என்ற ஜப்பானியர் ஒருவர். கடவுளுக்கு என்ன சொல் என்று கேட்க, அவர் ‘தைனிச்சி’ என்கிறார். சவேரியாரும் தைனிச்சியை வணங்குங்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறார். பௌத்தத் துறவிகளுக்குப் பரம சந்தோஷம். ஏனென்றால் தைனிச்சி என்பது அவர்கள் வணங்கும் புத்தரின் பெயர்! 1551 வாக்கில் விஷயம் புரிந்து, அந்தச் சொல்லைக் கைவிட்டு ‘தேயூஸ்’ என்ற லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார்.

சவேரியாரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தவறு தெரிந்ததும் திருத்திக்கொண்டவர் அவர். ஆனால் வேற்று நாட்டில் வேதம் கற்பிக்கவோ பள்ளியில் பாடம் நடத்தவோ போகும் மிஷனரிகள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவற்றைக் கிளறிப் பார்த்தால் அடியில் இதே அவசரம்தான் இருக்கும். போன வாரமே வகுப்பு, போன மாதமே அறிக்கை, போன வருடமே கட்டடம் என்று எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்ற பரபரப்பு.

மொழியில் தொடங்கும் சறுக்கல்

“மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், ஊழியத்தைத் தொடங்கிவிடலாம், மொழியைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம்.” இந்தப் பேச்சை நம்பாதீர்கள். போகப் போகக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. வகுப்பு தொடங்கிவிட்டால் அதற்குத் தயாரிக்கவே நேரம் போய்விடும். காய்கறி வாங்கும் அளவுக்கு மொழி வந்ததும் நின்றுவிடும். முதல் ஒன்றிரண்டு வருடத்தை மொழிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அனுப்பும் சபை முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது கையில் அகராதியும் இல்லை, இலக்கணப் புத்தகமும் இல்லை. அங்கிருந்த ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். கற்பிக்க வந்தவர் முதலில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சொல்லப்போனால் இதில் ஒரு லாபம்கூட உண்டு. நீங்கள் தப்பும் தவறுமாகப் பேசும்போது அந்த ஊர்க்காரர் உங்களுக்கு ஆசிரியர் ஆகிறார். அப்புறம் நீங்கள் அவருக்குக் கற்பிக்கும்போது அது ஒருவழிப் பாதையாக இருக்காது.

மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பாடத்தை முந்தின நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள். சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். சிலேடை, நகைச்சுவை, உங்கள் ஊர்ப் பழமொழி எல்லாம் வேண்டாம். நீங்கள் மூன்று நிமிடம் பேசியதை அவர் முப்பது நொடியில் முடித்துவிட்டால், எதையோ விட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சொல் சரியாக இருந்தும் பொருள் மாறிப்போகிற இடங்களும் உண்டு. ‘இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்ற பைபிளின் வெளிப்படுத்தின விசேஷ வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா ஏரிப் பக்கத்துச் சனாகி மக்களிடம் நல்லவர்கள் வந்தால் வெளியே நின்று குரல் கொடுப்பார்கள். கதவைத் தட்டிப் பார்ப்பவன் திருடன், உள்ளே ஆள் இருக்கிறதா என்று சோதிக்கிறவன். அதனால் அவர்களுக்கு ‘வாசலில் நின்று கூப்பிடுகிறேன்’ என்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அகராதியைப் புரட்டினால் இது கிடைக்காது, பல பேர் வீட்டு வாசலுக்குப் போய் வந்தால்தான் தெரியும்.

தலையாட்டலை நம்புவது

பாடம் முடிந்ததும் “புரிந்ததா?” என்று கேட்கிறீர்கள். வகுப்பு முழுக்கத் தலையாட்டுகிறது. உங்களுக்கும் திருப்தி. ஆனால் பல சமூகங்களில் ஆசிரியரிடம் புரியவில்லை என்று சொல்வது அவரை அவமதிப்பதாகும். அந்தத் தலையாட்டலுக்கு ‘நீங்கள் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்’ என்று மட்டும்தான் பொருள்.

“புரிந்ததா?” என்பதை விட்டுவிட்டு, “இந்தக் கதையை உங்கள் வீட்டில் பாட்டியிடம் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். முன்வரிசையில் இருக்கிற ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்து சொல்லத் தொடங்குவார். நீங்கள் அழுத்திச் சொன்ன இடத்தை விட்டுவிட்டு, நீங்கள் கவனிக்காத ஏதோ ஒரு வரியில் போய் நிற்பார். அங்கேதான் உங்களுக்கான பாடம் இருக்கிறது.

தகப்பனிடம் பங்கை வாங்கிக்கொண்டு தூர தேசம் போய்ப் பட்டினி கிடந்த மகனைப் பற்றிய கெட்ட குமாரன் உவமையை வைத்து அமெரிக்க இறையியல் பேராசிரியர் ஒருவர் இப்படி ஒரு சோதனை செய்தார். கதையைப் படித்துவிட்டு நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது, அவருடைய அமெரிக்க மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டில் வந்த பஞ்சத்தையே மறந்துவிட்டார்கள். அவன் பட்டினி கிடந்ததற்கு, சொத்தை ஊதாரித்தனமாக அழித்ததுதான் அவர்களுக்குக் காரணம். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கேட்டால், பெரும்பாலோர் பஞ்சத்தைச் சொன்னார்கள். லட்சக்கணக்கில் பட்டினியால் செத்த ஊர் அது. தான்சானியாவில் பலர் சொன்ன காரணம் வேறு: அவனுக்கு ஒருவரும் சாப்பிடக் கொடுக்கவில்லை. லூக்கா 15-ஐ எடுத்துப் பாருங்கள், மூன்றுமே அதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததுதான் கதை என்று நினைத்துக்கொண்டு வகுப்பு எடுக்கிறவருக்கு மற்ற இரண்டும் தெரியாமலே போய்விடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, அந்த ஊர் மக்கள் என்ன நம்புகிறார்கள் என்று படிக்காமல் அதற்குப் பதில் சொல்லப் போவது. சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி 1713-இல் ஜெர்மனிக்கு அனுப்பினார். உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று அங்கிருந்தவர்கள் கடிந்துகொண்டு அதை மூலையில் போட்டுவிட்டார்கள். 1867-இல்தான் அது அச்சேறியது. அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ மிஷனரிகள் அதைப் படிக்காமலே வந்தார்கள்.

உடையும் நடையும்

உள்ளூர் உடையைப் போட்டுக்கொண்டால் உள்ளூர்க்காரர் ஆகிவிடலாம் என்று நினைப்பதும் தவறுதான். இத்தாலிய மிஷனரி மத்தேயோ ரிச்சி சீனாவில் முதலில் பௌத்தத் துறவியின் அங்கியைப் போட்டுக்கொண்டார். அது அடக்கமான உடை என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவர் யாரோடு பேச விரும்பினாரோ அந்தப் படித்த வர்க்கத்துக்குத் துறவிகள் மேல் பெரிய மதிப்பு கிடையாது. பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1595-இல் அறிஞர்களின் பட்டு அங்கிக்கு மாறினார். எந்த உடை யாருடைய உடை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். கேட்கும் வரை, சாதாரணச் சட்டையில் கௌரவமாக இருந்தால் போதும்.

பணம்

இதைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது, அதனாலேயே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

போன புதிதில் மனம் இளகித்தான் இருக்கும். ஒரு மாணவனுக்குப் பள்ளிக் கட்டணம், ஒரு குடும்பத்துக்கு மருந்துச் செலவு, சபைக்கு ஒலிபெருக்கி. ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து உங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் பாடத்துக்கு வருகிறார்களா, உதவிக்கு வருகிறார்களா என்று உங்களுக்கே தெரியாது. அவர்களுக்கும் தெரியாது என்பதுதான் வேதனை. சீனாவில் இப்படிச் சேர்ந்தவர்களை ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று கேலி செய்தார்கள். அரிசி நின்றால் ஆளும் நின்றுவிடுவார்.

சீனாவில் நெடுங்காலம் இருந்த அமெரிக்க மிஷனரி ஜான் நீவியஸ் இதை நேரில் கண்டவர். 1890-இல் கொரியாவில் இருந்த இளம் மிஷனரிகள் அவரை அழைத்தார்கள். இரண்டு வாரம் இருந்து அவர் சொன்னதன் சாரம்: உள்ளூர் ஊழியருக்கு வெளிநாட்டுச் சம்பளம் கொடுக்காதீர்கள், அந்தந்தச் சபை தன்னால் தாங்க முடிந்தவரைத் தானே தாங்கட்டும், கோயிலைத் தங்கள் பணத்தில், தங்கள் ஊர்ப் பாணியில் கட்டிக்கொள்ளட்டும். கொரியச் சபைகள் சொந்தக் காலில் நின்றதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள்.

அதற்காகக் கல்நெஞ்சாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொள்கை பேசிக்கொண்டிருக்க முடியுமா? அண்டைவீட்டாராகச் செய்வது வேறு, ஸ்தாபனமாகச் செய்வது வேறு. அந்த ஊரில் வசதியுள்ள ஒருவர் என்ன செய்வாரோ அதையே செய்யுங்கள். பெரிய தொகை என்றால் உள்ளூர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்யட்டும், உங்கள் பெயர் வெளியே வர வேண்டாம். கடன் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பணமும் போகும், அந்த ஆளும் வகுப்புக்கு வர வெட்கப்பட்டு நின்றுவிடுவார்.

பணம் இன்னொன்றையும் கெடுக்கும். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் நண்பர்களாக இருப்பது கடினம். 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து பேசினார். அவர் திருநெல்வேலித் தமிழர், அப்போது தெலுங்கு நாட்டில் தானே மிஷனரியாக இருந்தவர். உங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அங்கிருந்த சிலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு வருடம் கடந்தும் பணித்தளங்களில் அந்தப் பேச்சு பழசாகவில்லை.

ஜெபக் கடிதம்

மிஷனரிகள் தங்களைப் பணத்தாலும் ஜெபத்தாலும் தாங்குகிறவர்களுக்கு ஊருக்கு அனுப்பும் ஜெபக் கடிதங்களை வருடக்கணக்கில் வாசித்து வந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எல்லாக் கடிதத்திலும் வெற்றி இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தாங்குகிறவர்கள் காத்திருக்கிறார்கள், எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி புரிகிறது. ஆனால் அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் 1813-இல் பர்மாவுக்குப் போனார், முதல் ஞானஸ்நானம் 1819-இல். நடுவில் ஆறு வருடம். இன்றைய காலாண்டு அறிக்கைப் படிவத்தில் அவர் என்ன நிரப்பியிருப்பார்?

படங்களில் இன்னும் கவனம் வேண்டும். கிழிந்த சட்டை, மூக்கொழுகும் குழந்தை, அழுக்குத் தரை. இந்தப் படத்தை அந்தக் குழந்தையின் அம்மாவிடம் காட்ட முடியுமா? முடியாது என்றால் அனுப்பாதீர்கள். கடிதத்தில் எழுதும் ‘இருளில் வாழும் மக்கள்’ போன்ற வரிகளும் அப்படித்தான். அவர்கள் கையிலும் போன் இருக்கிறது, மொழிபெயர்ப்புச் செயலியும் இருக்கிறது. சில நாடுகளில் ஒரு பெயரும் ஒரு முகமும் வெளியானால் அந்த மாணவருக்கு வேலை போகும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள், வழக்கும் வரலாம். நீங்கள் விமானம் ஏறி வந்துவிடுவீர்கள், அவர் அங்கேயேதான் இருப்பார்.

சட்டத்தைப் பொறுத்தவரை சுருக்கம்தான். சுற்றுலா விசாவில் போய் வகுப்பு நடத்தாதீர்கள். அந்த நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்று போகும் முன்பே படியுங்கள். உதாரணமாக, நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு ஒருவரை மதம் மாற்றுவதையே தடை செய்கிறது. ஆங்கில ஆசிரியர் வேலைக்கென்று விசா வாங்கிப் போயிருந்தால் ஆங்கிலத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள். அப்போஸ்தலர் பவுல் பிழைப்புக்குக் கூடாரம் தைத்தார், அந்தக் கூடாரம் ஒழுகியிருந்தால் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்? தடுப்பூசி, மலேரியா மாத்திரை, காய்ச்சிய தண்ணீர் இவற்றை விசுவாசக் குறைவாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து மாத்திரையைச் சாப்பிடுங்கள்.

கூட வந்தவர்கள்

அழைப்பு ஒருவருக்கு, பயணம் மொத்தக் குடும்பத்துக்கும். ஆங்கில மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது மனைவி டாரத்தி முதலில் வர மறுத்தார். கடைசி நேரத்தில் வற்புறுத்தி அழைத்து வந்தார்கள். மறுவருடமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். டாரத்தியின் மனநிலை குலைந்தது. அவரை அறைக்குள் அடைத்துவைக்க வேண்டிய நிலை வந்தது, 1807-இல் இறக்கும் வரை தெளியவில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளைப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். பிள்ளைகள் கதையும் உண்டு. சீனாவின் செஃபூவில் 1881-இல் மிஷனரி பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில், பெற்றோரை வருடக்கணக்கில் பார்க்காமலே வளர்ந்தவர்கள் இருந்தார்கள்.

மனைவிக்கோ கணவருக்கோ அந்த ஊரில் என்ன வேலை, யாரோடு பேச்சு, எந்த மொழி வகுப்பு என்று போகும் முன்பே கேளுங்கள். ஒருவர் மொழி வகுப்புக்குப் போக, மற்றவர் குழந்தையோடு நான்கு சுவருக்குள் என்றால் இரண்டாம் வருடம் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். வாரத்தில் ஒருநாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதும் தப்பில்லை.

விட்டுக்கொடுக்காமல் இருப்பது

கடைசியாக, தன் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்காமல் காலத்தை ஓட்டுவது. இன்னும் அவர் தயாராகவில்லை என்று பத்து வருடம் சொல்லலாம். முதல் நாளிலிருந்தே ஓர் உள்ளூர் ஆசிரியரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் உங்கள் வகுப்பைப் பார்க்கட்டும், பிறகு பாதி வகுப்பு எடுக்கட்டும், பிறகு நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் போங்கள்.

கடைசி பெஞ்சில் உட்காருவது சுலபமில்லை. அவர் ஒரு வசனத்தை நீங்கள் சொல்லாத மாதிரி விளக்குவார். உங்களுக்குக் கை பரபரக்கும். எழுந்து திருத்தாதீர்கள். வகுப்பு முடிந்து மாணவர்கள் கலைந்த பிறகு, தேநீர் குடிக்கும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் இத்தனை நாள் சொல்லிவந்த சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு பொருள், மரியாதைக்காக யாரும் சொல்லவில்லை என்று அவர் பதில் சொன்னாலும் சொல்வார்.