கத்திப்பாராவுக்கு அப்பால்

ஸ்கூட்டி ஓட்டத் தெரியும். ஆனால் கத்திப்பாரா மேம்பாலம் மட்டும் வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். வடபழனியில் கல்யாணம் என்றால் ஆட்டோ, கோயம்பேடு என்றால் மெட்ரோ. அந்தக் கோட்டுக்கு வீட்டில் எல்லாரும் பழகிவிட்டார்கள்.

பயம் எதில் என்று யோசித்தபோது, வேகத்தில் இல்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்ற குழப்பத்தில்தான் என்று பட்டது. மேப்பைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2008-இல் திறந்த இந்தப் பாலம் நான்கு இதழ் பூ மாதிரி. வலப்பக்கச் சாலைக்குப் போக வேண்டுமானால், முதலில் சந்திப்பைத் தாண்டி, பிறகு இடது பக்கமாகவே ஒரு வளையம் சுற்ற வேண்டும். எதிரே வரும் வண்டிகளை எங்கேயும் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை! உண்மையான சிக்கல் வளையத்தின் வாயில்தான்: அங்கே இறங்குகிற வண்டியும் ஏறுகிற வண்டியும் ஒரே இடது ஓரத்தில் கலக்கும்.

சரி, அதை மட்டும் பழகலாம் என்று ஞாயிறு விடிகாலைகளில் போனேன். முன்கூட்டியே இடது ஓரம், இண்டிகேட்டர், கண்ணாடி, தோளுக்கு மேல் ஒரு பார்வை. வழி தவறினால் பதறி பிரேக் போடக் கூடாது. நேராகப் போய் அடுத்த திருப்பத்தில் திரும்பிக்கொள்ளலாம். பெட்ரோல்தான் கொஞ்சம் கூடுதல். அப்புறம் வார நாள், அதுவும் காலைக் கூட்டத்துக்கு முன்னால்.

மழை நேரத்தில் இன்னும் போவதில்லை. அது பயம் இல்லை, விவரம் என்பது என் கட்சி.