கிளானில் வயது வரம்பு வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பி.ஜி.எம்.ஐ. என்னும் கைப்பேசித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கிளான் (சேர்ந்து ஆடும் நிலையான குழு) ஒன்றைத் தொடங்கி, அதற்கென டிஸ்கார்ட் என்னும் உரையாடல் செயலியில் சர்வர் எனப்படும் குழு அரங்கும் அமைத்தவர்களுக்குச் சில வாரங்களிலேயே வரும் புகார், சிறுவர்களைச் சேர்த்ததால் ஆட்டம் கெடுகிறது என்பதாகும். உடனே "18 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும்" என்று எழுதி வைத்துவிடாமல், ஏற்கெனவே உள்ள எல்லைகளை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

டிஸ்கார்டில் கணக்கு தொடங்கக் குறைந்தது 13 வயது நிறைந்திருக்க வேண்டும்; இதில் நீங்கள் விலக்கு அளிக்க இயலாது. பி.ஜி.எம்.ஐ. 2021இல் வெளிவந்தபோதே, 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணி நேரமே ஆடலாம் என்ற கட்டுப்பாட்டுடன் வந்தது. எனவே நான்கு மணி நேரம் நீளும் பயிற்சி ஆட்டத்தில் பதினாறு வயதுக்காரரைச் சேர்த்துவிட்டு, அவர் நடுவில் விலக நேர்ந்ததும் பொறுப்பற்றவர் என்று ஏசுவதில் நியாயமில்லை. நேரத்தைக் கணக்கிட்டு அணி அமைக்காதது தலைவரின் பிழை.

வயதைச் சரிபார்க்க ஆதார் அட்டையின் படத்தைக் கேட்காதீர்கள். அதைப் பாதுகாக்கும் வசதி உங்களிடம் இல்லை. மேலும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் சிறுவராகவே கொள்கிறது; அவர்களின் ஆவணத்தை வாங்கி வைப்பது விளையாட்டல்ல. அட்டையைவிட ஐந்து ஆட்டங்கள் அதிகம் சொல்லும். முதலில் வீழ்த்தப்பட்டவுடன் ஆட்டத்தைவிட்டு ஓடுகிறாரா, கீழே விழுந்த கூட்டாளியை எழுப்பாமல், வானிலிருந்து விழும் ஆயுதப் பெட்டியான ஏர்டிராப்பை நோக்கிப் பாய்கிறாரா, தோற்றதற்கு மைக்கில் யாரைத் திட்டுகிறார் என்று கவனியுங்கள். இவற்றில் முப்பது வயதுக்காரர்களும் தவறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சம்பளம் வாங்குபவர் கத்தினால் அதற்குக் "கோபம்" என்றும், பள்ளி மாணவர் கத்தினால் "சின்னப்புத்தி" என்றும் பெயரிடுவதுதான் வேடிக்கை.

தண்டனையும் வயது பாராமல் படிப்படியாக அமையட்டும். முதல் முறை தனியே எச்சரித்து, இரண்டாம் முறை டிஸ்கார்டின் டைம்அவுட் வசதியால் ஒரு நாள் பேச்சை நிறுத்தி, மூன்றாம் முறை நீக்கிவிடலாம். ஆபாச வசையும் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதும் மட்டும் இந்தப் படிகளுக்குள் வாரா. அவற்றுக்கு நீக்கம் உடனடியானது.

பெரியவர்களின் இரவு நேரப் பேச்சுக்கு 18 வயது நிறைந்தோருக்கான தனி அறையை ஒதுக்குங்கள். சிறுவர்களுக்குப் பெரியவர்கள் தனிச்செய்தி அனுப்பக் கூடாது என்பதையும் விதியாக எழுதி, சேரும் நாளிலேயே படித்துக் காட்டுங்கள்.